கேரம் பவுடரும் என்ஜின் ஆயிலும்: நானோ திட மசகை எங்கே, எவ்வளவு, எப்படிப் போடுவது

கேரம் போர்டில் பவுடர் இல்லாமல் ஆடிப் பாருங்கள், ஸ்ட்ரைக்கர் பாதி போர்டு தாண்டாது. ஒரு சிட்டிகை தூவி உள்ளங்கையால் தேய்த்துவிட்டால் அதே போர்டு பறக்கும். வியாசர்பாடியில் நாங்கள் ஆடிய கிளப்பில் ஒரு பெரியவர் இருந்தார். தோற்கிற மாதிரி தெரிந்தால் இன்னும் ரெண்டு சிட்டிகை அள்ளிப் போடுவார். காய் பாதி வழியில் மாவில் சிக்கிய எறும்பு மாதிரி நின்றுவிடும். "போர்டு சரியில்லப்பா" என்பார்.

நாங்கள் வாங்கிய அந்தப் பவுடர் போரிக் ஆசிட். தட்டுத் தட்டாக அடுக்கிய அமைப்பு அதற்கு. ஒரு தட்டுக்குள் அணுக்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் பிடிப்பு சொற்பம். அதனால் அழுத்தித் தள்ளினால் சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி நழுவும். கிராஃபைட்டுக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கும் இதே குணம்தான். இவற்றைத் திட மசகு என்பார்கள். இவற்றைத் தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பொடித்து ஆயிலில் கலந்து விற்பதுதான் இப்போது எல்லா ஸ்பேர் கடையிலும் கண்ணாடி அலமாரியில் நிற்கிற 'நானோ' பாட்டில்.

நான் புதுப்பேட்டையில் என்ஜின் வேலை பார்க்கிறவன். என்ஜின் சிலிண்டரின் துளையைக் கடைகிற 'போர்' கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, இப்போது சொந்தமாக ஒரு சின்ன ஷெட்டு. மாதத்துக்கு ரெண்டு பேராவது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய பாட்டிலோடு வந்து, "அண்ணே, இத ஊத்துனா ரீபோர் தேவையில்லையாமே?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டர் துளையை மறுபடி கடைந்து சரிசெய்வது. அந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த போரில் 0.1 மில்லிமீட்டர் போயிருந்தால் அது ஒரு லட்சம் நானோமீட்டர். இந்தப் பொடி உலோகத்தின் மேல் கட்டும் படலம் நூறு நானோமீட்டர் கணக்கில் இருக்கும். பள்ளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிணற்றை ஒரு குடம் மண் போட்டு மூடுகிற கதை. புகை விடுகிற, ஆயில் குடிக்கிற வண்டிக்குப் போர் வேலைதான்.

முதலில் ஒரு கணக்கு

2012இல் கென்னத் ஹோல்ம்பெர்க், பீட்டர் ஆண்டர்சன், அலி எர்டெமிர் மூவரும் காரில் உராய்வு எவ்வளவு எரிபொருளைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதினார்கள். இந்த எர்டெமிர்தான் 1990களில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் போரிக் ஆசிட்டை மசகாக வைத்து ஆராய்ந்தவர், அதாவது நம் கேரம் பவுடர் ஆள். அவர்கள் கணக்குப்படி 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் சுமார் 33 ரூபாய் உராய்வுக்கே போகிறது. ஆனால் அந்த 33 ரூபாயில் டயர், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் அடக்கம். என்ஜினுக்குள் உராய்வுக்குப் போவது 11, 12 ரூபாய். அதிலும் ஒரு பகுதி ஆயிலின் சொந்தப் பிசுபிசுப்பால் வருகிற இழுவை, அதைப் பொடி ஒன்றும் செய்யாது.

இப்போது சொல்லுங்கள், பாட்டிலில் "30 சதவீதம் மைலேஜ்" என்று அச்சடித்தவன் அதை எந்த 12 ரூபாயிலிருந்து எடுத்துத் தருவான்?

சரி, அப்படியென்றால் எல்லாமே ஏமாற்றா? இல்லை. வேலை செய்கிற இடத்தில் வேலை செய்கிறது. அந்த இடம் எது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

எந்த இடத்தில் வேலை செய்யும்

பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது அது ஆயிலைத் தனக்கு அடியில் இழுத்துக்கொண்டு அதன்மேல் மிதக்கும். ஈரத் தரையில் வேகமாகப் போகிற டயர் தண்ணீர்மேல் மிதக்குமே, அதேதான். அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, பொடிக்கும் வேலையில்லை. வேகம் குறைந்தால், ஆயில் சூடேறி மெலிந்தால், அல்லது பாரம் கூடினால் அந்தப் படலம் கிழியும். ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் என்ற ஜெர்மன்காரர் 1902இலேயே இதை வளைகோடாகப் போட்டுக் காட்டிவிட்டார்.

படலம் கிழிகிற இடங்களை மெக்கானிக்குகள் கையால் அறிவோம். பிரித்த பிளாக்கின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டும். பிஸ்டனின் மேல் ரிங் ஏறி, ஒரு கணம் நின்று, திரும்புகிற இடம் அது. நின்றால் வேகம் பூஜ்யம், படலம் இல்லை. அதே நேரத்தில்தான் மேலே வெடிப்பும் நடக்கிறது. போரில் தேய்மானம் அதிகம் காண்பது அந்தப் படியில்தான். அடுத்தது வால்வைத் திறக்கிற கேம் மூக்கும் அது தள்ளுகிற டேப்பெட்டும் உரசுகிற கோடு. மூன்றாவது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்கிற முதல் சில நொடிகள்: ஆயில் எல்லாம் அடித்தொட்டிக்கு வடிந்திருக்கும்.

நம் ஊருக்கென்று நாலாவது ஒன்றும் உண்டு. மே மாத மத்தியானம், அண்ணா சாலை சிக்னல், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. என்ஜின் ஐட்லிங்கில், ஆயில் கொதித்து மெலிந்து கிடக்கிறது. வேகமும் குறைவு, கெட்டியும் குறைவு. ஸ்ட்ரைபெக்கின் கோட்டில் மோசமான பக்கம் அதுதான். குளிர்நாட்டுக்காரன் காலை ஸ்டார்ட்டுக்குப் பயப்படுகிறான், நாம் சிக்னலுக்குப் பயப்பட வேண்டும்.

இந்த இடங்களில் ஆயில் படலம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஆயிரம் நானோமீட்டருக்கும், கீழே போய்விடும். சாதாரண மாலிப்டினம் பொடி 5, 10 மைக்ரான். அது அந்த இடுக்குக்குள் நுழையவே முடியாது, வாசலில் நின்று குவியும். நூறு நானோமீட்டர் துகள் நுழையும். நுழைந்து அழுந்தி உரிந்து, உலோகத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் பூசிக்கொள்ளும். பொடியை நானோ அளவுக்குக் கொண்டுபோவதற்கு உருப்படியான காரணம் இதுதான்.

நான் கெட்ட கதை

இதெல்லாம் தெரிவதற்கு முன்பு நான் ஒரு காரியம் செய்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் மாலிப்டினம் டைசல்ஃபைடு பொடி கால் கிலோ வாங்கி, என் 100 சிசி பைக்கின் ஆயிலில் ரெண்டு ஸ்பூன் கலந்து ஊற்றினேன். எடை பார்க்கவில்லை. கிரீஸில் போடுகிறார்களே, ஆயிலில் போட்டால் என்ன என்ற தைரியம்.

முதல் வாரம் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. அல்லது பணம் போட்டதால் காது அப்படிக் கேட்டதோ என்னவோ. இரண்டாவது வாரம் மனைவியோடு கோயம்பேடு மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் கருகுகிற வாடை. "இறங்கவா?" என்று அவள் கேட்டாள். இறங்கினாள். நான் தள்ளினேன். பாலத்தின் மறுபக்கம் இறங்கும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அது இன்னும் மோசம்.

ஷெட்டில் வந்து வலது கவரைக் கழற்றினேன். கிளட்ச் பிளேட்டுகளின் மேல் கறுப்பாக ஒரு பளபளப்பு, நகத்தால் சுரண்டினால் வெள்ளிக்கம்பி நிறத்தில் பொடி. பைக்கில் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே முங்கித்தான் ஓடுகிறது. பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கல் பொடி தடவினால் வேறென்ன நடக்கும்?

அப்புறம் ஃபில்டரைத் திறந்தேன். இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் பேப்பர் ஃபில்டர் கிடையாது. கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம் இருக்கும், கனமான அழுக்கு அதன் ஓரத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். மாலிப்டினம் டைசல்ஃபைடு ஆயிலை விட ஐந்து மடங்குக்கு மேல் கனம். கிண்ணத்தின் உள்சுவர் முழுக்க, அடிப்பிடித்த அல்வா மாதிரி கறுப்பாக ஒரு வளையம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வில்லையாகப் பெயர்ந்து வந்தது. நான் போட்ட பொடியில் பெரும்பங்கு ஒரு ரிங்கையும் தொடாமல், நேராக இங்கே வந்து குந்தியிருந்தது.

என் அக்கா மகன் அப்போது மெக்கானிக்கல் எம்.இ. படித்துக்கொண்டிருந்தான். அந்த வில்லையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது நானோ இல்ல, மணல்" என்றான். அவன் சொல்லித்தான் எனக்குப் பாதி விஷயம் தெரியும்.

ஆகவே முதல் விதி: பைக்கிலும் ஆட்டோவிலும் கிளட்ச் ஆயிலில் முங்கியிருந்தால் இந்தப் பாட்டில் பக்கமே போகாதீர்கள். ஆயில் டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்டிருப்பது, கிளட்ச் வழுக்காத அளவுக்கு உராய்வை விட்டுவைத்த ஆயில் என்பதற்கான முத்திரை. அதில் வழுக்கல் மருந்தைக் கலந்தால் அந்த முத்திரைக்கு அர்த்தம் இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர் வேறு சாதி: அதன் கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருக்கிறது, 'எம்பி' வகை ஆயிலே போதும். காருக்கும் கிளட்ச் வெளியே. இனிமேல் நான் சொல்வதெல்லாம் கார், ஸ்கூட்டர் பற்றித்தான்.

எந்தப் பொடி

கிராஃபைட் நம் சிவகங்கையிலேயே வெட்டி எடுக்கிற சரக்கு. பூட்டு இறுகினால் பென்சில் முனையைச் சீவிப் போடுவோமே, அதே பொருள். இதற்கு ஒரு வினோதம்: காற்றில் ஈரம் இருந்தால்தான் வழுக்கும். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் கார்பன் பிரஷ்கள் ஈரமில்லாத காற்றில் மளமளவென்று தேய்ந்து தூளாயின. சென்னைக் காற்றில் அந்தக் கவலையே இல்லை. கேட் பூட்டு, ஷட்டர் தடம் இவற்றுக்கெல்லாம் கிராஃபைட்தான்.

மாலிப்டினம் டைசல்ஃபைடு நேர் எதிர். வறண்ட இடத்தில் ராஜா, கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்தால் மெல்லக் கெடும். ஆயிலுக்குள் முங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. தாது நம் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம்கூட இருக்கிறது. காற்றில் 350, 400 டிகிரியில் ஆக்சைடாக மாற ஆரம்பிக்கும், அடித்தொட்டி ஆயிலுக்கு அந்தச் சூடு வருவதில்லை.

டங்ஸ்டன் டைசல்ஃபைடு கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும், விலையும் கூடுதல். 1992இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரெஷெஃப் டென்னெ குழு இதன் தட்டுகள் உருண்டையாகச் சுருண்டுகொள்வதைக் கண்டது. வெட்டிப் பார்த்தால் சின்ன வெங்காயம் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாகத் தோல். லேசாக அழுத்தினால் உருளும், பலமாக அழுத்தினால் தோல் உரிந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பந்து மாதிரி உருண்டு வேலை செய்வதாகத்தான் விளம்பரப் படத்தில் போடுவார்கள். அசல் பலன் பெரும்பாலும் அந்தத் தோல் உரிவதில்தான்.

போரான் நைட்ரைடு வெள்ளை. இதில் அறுகோண வகைதான் வழுக்கும். கன சதுர வகை வைரத்துக்கு அடுத்த கடினம், அரைக்கிற கல்லுக்குப் போடுவது. பெயரை முழுசாகப் படிக்காமல் வாங்கினால் என்ஜினுக்குள் சாணைக்கல் போட்ட கதைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பாட்டில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நல்ல கார் ஆயில் பலவற்றில் ஆயிலிலேயே கரைந்த ஒரு மாலிப்டினம் சேர்மம் ஏற்கெனவே இருக்கிறது. பார்வைக்குப் பொடியே இல்லை. ரிங்கும் சுவரும் உரசிச் சூடாகிற இடத்தில் அது உடைந்து, அங்கேயே மாலிப்டினம் டைசல்ஃபைடின் மெல்லிய தாள்களாகப் படிகிறது. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தானே உருவாகிற நானோ பொடி. கூடவே துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இசட்டிடிபி என்ற மருந்து 1940களிலிருந்து தேய்மானத்துக்கு எதிராகப் படலம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் நானோ பொடி அசத்துவதற்கு ஒரு காரணம், பல சோதனைகளில் மருந்தே கலக்காத வெறும் அடிப்படை ஆயிலில் போட்டுப் பார்ப்பது. நீங்கள் டப்பாவில் வாங்குவது மருந்து கலந்தது. உலோகத்தில் இடம் பிடிக்க எல்லா மருந்தும் போட்டி போடும்போது புதிதாக வருகிறவனுக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

அதனால் 500 ரூபாய் கையில் இருக்கிறது, பாட்டிலா, உயர்ந்த ரக ஆயிலா என்று கேட்டால், நான் யோசிக்காமல் ஆயில் என்பேன்.

பாட்டிலைச் சோதிப்பது

இவ்வளவுக்குப் பிறகும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பொடியாக வாங்காதீர்கள். நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவை. அவற்றைப் பிரித்து வைக்க அல்ட்ராசோனிக் கருவியும், துகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் ஒலியிக் ஆசிட் மாதிரி ஒரு பொருளும் வேண்டும். வீட்டு மிக்ஸி அந்த வேலையைச் செய்யாது. உலர்ந்த பொடி பறந்து மூச்சில் போனால் நுரையீரலுக்கும் நல்லதில்லை. ஏற்கெனவே ஆயிலில் கலந்து வருகிற பாட்டில்தான் வாங்க வேண்டும்.

அதையும் நம்பி ஊற்றிவிடாதீர்கள். சாஸ் வந்த கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். நீங்கள் ஊற்றப்போகிற அதே ஆயில் 100 மில்லி, அதில் இந்த மருந்து 5 மில்லி. மூடி, நன்றாகக் குலுக்கி, அலமாரியில் ரெண்டு வாரம் அசையாமல் வையுங்கள்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் எழுதிய சூத்திரம் இருக்கிறது. துகள் பத்து மடங்கு பெரிதானால் நூறு மடங்கு வேகமாக அடியில் இறங்கும். நம் ஊர் அறைச் சூட்டில், 10டபிள்யூ-30 ஆயிலில், மாலிப்டினம் துகள் 1 மைக்ரான் இருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கும். 10 மைக்ரான் என்றால் ஒரே நாளில் பாட்டிலின் அடியில் படுத்துவிடும். அசல் 100 நானோமீட்டர் என்றால் நாளைக்கு 0.02 மில்லிமீட்டர், ரெண்டு வாரத்தில் கண்ணுக்கே தெரியாது.

ஆக, ரெண்டு வாரம் கழித்துப் பாட்டிலை மெல்லச் சாய்த்து, செல்போன் டார்ச்சை அடியில் அடித்துப் பாருங்கள். கறுப்பாக வண்டல் தங்கியிருந்தால் அது நானோ இல்லை, அல்லது கட்டிபிடித்துவிட்டது. பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், வாங்கிக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம். வண்டல் இல்லாவிட்டால் ஒரு சொட்டை ஃபில்டர் பேப்பரில் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். நல்ல கலவை சீராகச் சாம்பல் வட்டமாக விரியும். கட்டிபிடித்தது நடுவில் பொட்டு வைத்த மாதிரி நிற்கும், சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம்தான் இருக்கும்.

இந்த ரெண்டு வாரம் பொறுக்காதவர்களுக்குத்தான் கடைக்காரர்கள் விற்கிறார்கள்.

காரில் ஊற்றும் முறை

பழைய ஆயிலில் மேலே ஊற்றுவது வீண். ஆயில் மாற்றும் நாளில்தான் செய்ய வேண்டும்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். போல்ட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். பசை மாதிரி இருந்தால் வழக்கமான தேய்மானம். நறநறவென்று பட்டால் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, எது உதிர்கிறது என்று முதலில் தேடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் வரிசையாக இந்த நிறத்தில்தான் வடித்தோம். அதற்கு மருந்து கிடையாது, காரணத்தைச் சரிசெய்து ரெண்டு முறை ஆயில் மாற்ற வேண்டும்.

ஃபில்டரும் புதிது. கார் ஃபில்டர் பிடிப்பது 20, 30 மைக்ரான் அழுக்கை. நூறு நானோமீட்டர் துகள் அதன் வழியாகத் தாராளமாகப் போய்வரும், கட்டிகள்தான் சிக்கும்.

அளவுக்கு வருவோம். ஆராய்ச்சிகளில் எடைக்கு 0.1 முதல் 1 சதவீதம் வரை போட்டுப் பார்க்கிறார்கள், நல்ல பலன் பெரும்பாலும் அரை சதவீதத்தை ஒட்டித்தான். மூன்றரை லிட்டர் ஆயில் சுமார் 3 கிலோ. அரை சதவீதம் என்றால் 15 கிராம் பொடி, அவ்வளவுதான். பாட்டிலில் எத்தனை சதவீதம் பொடி என்று போட்டிருந்தால் இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள், போடவே இல்லை என்றால் எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குகிறோம். கூடப் போட்டால் துகள்கள் கட்டிபிடித்துத் தேய்மானம் ஏறும், கேரம் பெரியவர் கதைதான்.

மருந்து 200 மில்லி என்றால் ஆயிலில் 200 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை லிட்டர் வண்டிக்கு 3.3 லிட்டர். இதைப் பலர் மறப்பார்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், அப்புறம் பம்ப் காற்றைத்தான் இழுக்கும்.

பாட்டிலை ரெண்டு நிமிடம் விடாமல் குலுக்கி, சுத்தமான ஜக்கில் அரை லிட்டர் புது ஆயிலோடு கலக்கி, அதை ஊற்றிவிட்டு மீதி ஆயிலை மேலே ஊற்றுங்கள். அஞ்சு நிமிடம் ஐட்லிங். பிறகு சிக்னலில் நிற்காத பாதையாகப் பார்த்து, நான் என்றால் ஈசிஆரில் கோவளம் வரை, ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வாருங்கள். உரசலும் அழுத்தமும் சூடும் சேர்ந்தால்தான் படலம் கட்டும். திரும்பி வந்து, சமதரையில் பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்கள்.

மாதம் ரெண்டு முறை மட்டும் பேஸ்மென்ட்டிலிருந்து எடுக்கிற காருக்கு இது வேண்டாம், நின்ற இடத்தில் வண்டல்தான் தங்கும். பிஎஸ்-6 டீசலுக்கும் வேண்டாம்: புகைக்குழாயில் இருக்கும் துகள் ஃபில்டர் சாம்பலால் அடைபடும், அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கும் வேண்டாம். வாரண்டியில் இருக்கிற வண்டிக்குக் கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர ஒரு சொட்டு வேறெதுவும் வேண்டாம்.

என்ஜின் பிரித்துக் கோர்க்கும்போது

திட மசகு உண்மையிலேயே காசுக்கு வேலை செய்கிற இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கோர்த்து முடித்து முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் ஆயிலை மேலே ஏற்றுவதற்குள் கேம் வறண்டு உரசும். அந்தச் சில நொடிகளுக்காக மாலிப்டினம் பேஸ்ட்டைக் கேம் மூக்கிலும் டேப்பெட் முகத்திலும் ராக்கர் நுனியிலும் விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். உலோகம் கறுத்துத் தெரிந்தால் போதும், வெண்ணெய் மாதிரி அப்பக்கூடாது.

ரிங்கிலும் போரிலும் தடவவே கூடாது. ஹோனிங் கல்லால் போரின் சுவரில் கீறிய குறுக்குக் கோடுகளில் ரிங் கொஞ்சம் உரசித் தேய்ந்து உட்கார்ந்தால்தான் சீல் பிடிக்கும். அங்கே வழுக்கிவிட்டால் ரிங் உட்காராது, புது என்ஜினே ஆயில் குடிக்கும். சாதா என்ஜின் ஆயில் மட்டும்.

போல்ட்டின் மரையிலும் கூடாது. ஒருமுறை என் ஷெட்டுப் பையன் ஆர்வத்தில் ஹெட் போல்ட் எல்லாவற்றுக்கும் பேஸ்ட் தடவிவிட்டான். இறுக்கும் விசையை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச்சில் நான் வழக்கமான அளவுதான் வைத்தேன். மரையில் உராய்வு குறைந்ததால் அதே டார்க்கில் போல்ட்டின் இழுப்பு எக்கச்சக்கமாக ஏறி, மூன்றாவது போல்ட் அலுமினிய மரையை உருவிக்கொண்டு கையோடு வந்தது. அன்றைக்கு அவனும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

அதே பையன் இன்னொரு நாள் பிஸ்டனைக் கழுவி வைத்திருந்தான், பளபளவென்று. "கறுப்பா ஒட்டிட்டு இருந்துதுண்ணே, எமரி போட்டுத் தேச்சு எடுத்துட்டேன்." பிஸ்டனின் பாவாடைப் பகுதியில் ரெண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் திட்டாக இருக்குமே, அது கார்பன் இல்லை. கிராஃபைட்டோ மாலிப்டினமோ ரெசினில் குழைத்துக் கம்பெனியிலேயே பூசி அனுப்புகிற திட மசகு. வண்டிக்காரர் காசு கொடுக்காமலே வந்த பூச்சு அது. தேய்ந்து நடுவில் உலோகம் தெரிந்தால் பரவாயில்லை, ஆனால் நாமாகத் தேய்த்து எடுக்கக்கூடாது. புது பிஸ்டன் வாங்கும்போது அந்தத் திட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

காதை நம்பாதீர்கள். புது ஆயில் ஊற்றினாலே எந்த வண்டியும் மெதுவாகப் பேசும். ஒரு ஆயில் மாற்றம் முழுக்க மருந்து இல்லாமல், அடுத்தது மருந்தோடு என்று ஓட்டி, ரெண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், முழு டேங்கிலிருந்து முழு டேங்க், குறைந்தது அஞ்சு முறை. டயர் காற்று வாரம் ஒருமுறை. பள்ளி விடுமுறை மாதத்தையும் ஐப்பசி மழையையும் ஒப்பிடாதீர்கள். ரெண்டு மூன்று சதவீத வித்தியாசம் என்றால் கத்திப்பாராவில் ஒரு நாள் மாட்டிக்கொண்டாலே அது கரைந்துபோகும்.

தேய்மானம் தெரிய வேண்டுமென்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரெஷன் கேஜ்தான். மருந்து போடுவதற்கு முன்பு நாலு சிலிண்டரையும் அளந்து எழுதி வையுங்கள், 10,000 கிலோமீட்டர் கழித்து அதே சூட்டில் மறுபடி அளங்கள். ஏறாது. முன்பை விட மெதுவாக இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். டிப்ஸ்டிக்கை டிஷ்யூவில் துடைத்து, கறுப்பாக இருந்தால் ஆயில் மாற்றுகிற வழக்கம் மாலிப்டினம் போட்ட வண்டியில் செல்லாது, முதல் நாளே கறுப்பாகத்தான் இருக்கும். கிலோமீட்டரும் தேதியும்தான் கணக்கு. நான் பானெட்டின் உள்பக்கம் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, என்ன ஆயில், என்ன மருந்து, எந்தத் தேதி என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுகிறேன். வடித்த பழைய ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றிவிட்டுப் போகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அது நேராகக் கூவத்துக்குத்தான் போகிறது. கேனில் பிடித்து வையுங்கள், பழைய ஆயில் எடுக்க உரிமம் உள்ளவர்கள் ஷெட்டுக்கே வந்து லிட்டர் கணக்கில் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள்.